பிரீச்சர் என்றொரு மண்



இந்த வாரம் உங்களை ஒரு மலைச்சரிவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அது அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தில், பசிபிக் பெருங்கடலை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் கரையோர மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரமான மேரிஸ் பீக் 1,249 மீட்டர்தான். நம் தொட்டபெட்டாவின் பாதி உயரம்கூட அதற்கு இல்லை. ஆயினும் அம்மலைகள் ஏறுவதற்குக் கடினமானவை. கடலிலிருந்து எழும் மேகங்கள் முதலில் முட்டுவது அவற்றின்மீதே. ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் மழை அங்கே சாதாரணம். அதில் பெரும்பகுதி இலையுதிர்காலத்தின் கடைசியிலும் குளிர்காலத்திலும் பெய்துவிடுகிறது. அந்த நீர் மலையை ஆயிரக்கணக்கான சிறு மடிப்புகளாக அறுத்திருக்கிறது. ஒரு மடிப்பின் அடியில் நின்று அண்ணாந்தால், எதிரே இருப்பது தரையா சுவரா என்று ஐயம் எழும்.

என் மகளின் குடும்பம் அம்மாநிலத்தில் வாழ்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத விடுப்பில் அங்கே சென்றிருந்தேன். உண்மையைச் சொல்வதானால், ஓய்வுக்காக நான் செல்லவில்லை. ஊரில் நடந்த ஒன்று என் உள்ளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதை விட்டுச் சிறிது விலகியிருக்கவே சென்றேன். அது என்னவென்று பின்னர் சொல்கிறேன். முதலில் மண்ணைப் பார்ப்போம்.

அவர்கள் செல்லும் சபையில் முதியவர் ஒருவர் இருந்தார். பணிக்காலம் முழுவதும் மண்வகைகளை ஆய்ந்து வரைபடமாக்கியவர். நான் போதகர் என்று அறிந்ததும் புன்னகைத்து, "அப்படியானால் உங்கள் பெயர் கொண்ட மண்ணை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்" என்றார். மறுநாள் ஒரு சிறு மண்வெட்டியும் ஒரு புட்டி நீரும் எடுத்துக்கொண்டு, காட்டுச்சாலை அமைப்பதற்காக மலையை வெட்டியிருந்த ஓரிடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். ஆளுயர மண்சுவர் ஒன்று எங்கள் முன் நின்றது. "இதன் பெயர் பிரீச்சர்" என்றார் அவர். பிரீச்சர் என்றால் பிரசங்கி அல்லவா? நான் நகைத்தேன். அவர் விளையாடவில்லை. அந்நாட்டில் ஒவ்வொரு மண்வகைக்கும் பெயர் உண்டு; அது கண்டறியப்பட்ட பகுதியிலுள்ள ஊர், ஓடை முதலியவற்றின் பெயரை இடுவது வழக்கம். அவ்வாறு கரையோர மலைகளின் மண்வகைகளில் ஒன்றுக்குப் பிரீச்சர் என்ற பெயர் அமைந்துவிட்டது.

வாசகரே, அந்தச் சுவரை மேலிருந்து கீழாக என்னுடன் வாசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஊசியிலைகள், சுள்ளிகள், பாசி, மரப்பட்டைத் துண்டுகள் ஆகியவை சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. டக்ளஸ் ஃபர், ஹெம்லாக் ஆகிய பெருமரங்கள் உதிர்த்தவை அவை. அந்தச் சருகைக் கையால் விலக்கினால், மேற்புறத்தில் இன்னும் இலையாகவே இருப்பது, அடியில் எதன் இலை என்று அறிய முடியாதபடி கறுத்து மட்கியிருக்கும். அதன் கீழே கருமை கலந்த பழுப்பு நிற மேல்மண். கையில் எடுத்தால் ரொட்டித்துகள் போல உதிர்கிறது. நண்பர் அதைச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, விரல்களுக்கிடையே நசுக்கிக் காட்டினார். மணலின் கரகரப்பும் களியின் பிசுக்கும் சேர்ந்திருந்தன. மெல்லிய வேர்கள் அதில் நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன. இதற்கும் கீழே, மஞ்சள் கலந்த பழுப்பில் அடிமண். அங்கே வேர்கள் குறைந்து தடிக்கின்றன. மணற்பாறையின் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, ஆழம் செல்லச் செல்லப் பெருகுகின்றன. கடைசியில், பார்வைக்குப் பாறையாகவும் மண்வெட்டிக்கு மண்ணாகவும் இருக்கும் ஒரு சிதைந்த அடுக்கு. அதன் அடியில்தான் உறுதியான பாறை. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் தரையில் படிந்த மணல் அது. இன்று மலையாக எழுந்து நிற்கிறது.

பிரீச்சர் மண் ஆழமானது. பாறையைத் தொட ஒன்றரை மீட்டருக்கும் மேல் தோண்ட வேண்டும். ஆனால் அதன் அண்டை வீட்டுக்காரர் போல, பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே காணப்படும் போஹானன் என்னும் மண் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் பாறையைத் தொட்டுவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. அதே பெரணி, அதே பாசி, அதே மரங்கள். தோண்டினால்தான் வேறுபாடு தெரியும். பெயரால் நான் பிரீச்சர். ஆழத்தால் போஹானன் என்று என் மனம் அப்போதே சொல்லிக்கொண்டது. கற்பாறையின்மேல் மெல்லிய மண்ணாக இருந்ததால் விதை வேர்கொள்ளாமற்போன உவமையைப் பல முறை பிரசங்கித்தவன் நான். அந்த மெல்லிய மண் யாருடையது என்று ஒரு முறையாவது என்னை நான் கேட்டுக்கொண்டதுண்டா?

அந்த மண்ணுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. அது மிக இலேசானது. உலர்ந்த நிலையில் ஒரு கன சென்டிமீட்டர் மேல்மண்ணின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அதன் கன அளவில் பாதிக்கும் மேல் வெற்றிடமே. பட்ட வேர்கள் விட்டுச்சென்ற குழாய்கள், மண்புழுவும் சிற்றெலியும் குடைந்த வழிகள், மட்கு சேர்ந்து துகள்களைத் திரட்டியதால் உண்டான இடைவெளிகள் என அந்த வெற்றிடம் பலவகைப்பட்டது. ஆகவே எவ்வளவு மழை பெய்தாலும் காட்டு மண் அதை உடனே உள்ளே வாங்கிக்கொள்கிறது. நாங்கள் நின்றிருந்தபோதும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அத்தனை செங்குத்தான சரிவில், மண்ணின்மேல் ஒரு கீற்று நீர்கூட ஓடக் காணோம். "தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். "உள்ளே" என்றார் நண்பர். "இங்கே எல்லாம் உள்ளேதான் நடக்கிறது."

இம்மண் எவ்வளவு மெதுவாக உண்டாகிறது என்று அறிந்தால் வியப்பீர்கள். பாறை சிதைந்து மண்ணாவதும், மண் சரிவில் நழுவி அரிக்கப்படுவதும் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நடக்கின்றன. ஒரு மீட்டர் என்றால் பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு. முகடுகளிலிருந்து நழுவிய மண் மலைமடிப்புகளில் வந்து சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்குகிறது. பிறகு ஏதோ ஒரு பெருமழை இரவில், முழுவதும் ஒரே நொடியில் கீழே போய்விடுகிறது.

அதுவரை அதைப் பிடித்திருப்பது எது? வேர்கள். மடிப்பில் மண் கனமாக இருப்பதால் பெரும்பாலான வேர்கள் அடிப்பாறை வரை எட்டுவதில்லை. ஆணி அடித்ததுபோல் மண்ணைப் பாறையோடு பிணைப்பதில்லை. அவை பக்கவாட்டில் ஓடி, அண்டை மரத்தின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. மடிப்பின் இரு ஓரங்களிலும் உள்ள மண்ணோடு நடுவிலுள்ள மண்ணைத் தைத்து வைப்பவை அந்தப் பக்க வேர்களே. 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இம்மலைகளில் வேர்கள் மண்ணுக்குத் தரும் பிடிப்பை அளந்து சொல்லியிருக்கிறார்கள். இயற்கையான ஊசியிலைக் காடுகளில் அது சுமார் 25 முதல் 94 கிலோபாஸ்கல் வரை இருந்தது. மரங்களை முழுவதும் வெட்டி அகற்றிய இடங்களிலோ 10 கிலோபாஸ்கலைத் தாண்டவில்லை.

இப்போது, வாசகரே, நான் உங்களுக்குச் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன்.

மரத்தை வெட்டிய அன்றே சரிவு விழுவதில்லை. அந்த ஆண்டும், பெரும்பாலும் அடுத்த ஆண்டும் விழுவதில்லை. ஏனெனில் வெட்டியது மரத்தைத்தான்; வேர்கள் மண்ணுக்குள் அப்படியே இருக்கின்றன. உயிரற்ற வேர்கள் சில காலம் பழைய பலத்தோடு மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிறகு முதலில் மெல்லியவையும், பின் தடித்தவையும் இற்றுப்போகின்றன. இதற்கிடையே மேலே புதுக் கன்றுகள் நடப்படுகின்றன. புதர்களும் பெரணிகளும் தழைக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் மலை மீண்டும் பச்சையாகிவிட்டது. ஆனால் புதிய வேர்கள் இன்னும் ஒன்றையொன்று எட்டவில்லை. பழைய பிடி போய், புதிய பிடி வராத அந்த இடைக்காலம்தான் மிகவும் ஆபத்தானது. வெட்டிய சில ஆண்டுகளில் தொடங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரைகூட அது நீடிக்கலாம்.

கூஸ் பே என்னும் துறைமுக நகருக்கு அருகில் இதை அறிவியலாளர்கள் கண்ணெதிரே கண்டார்கள். வில்லியம் டீட்ரிக், டேவிட் மான்ட்கோமரி முதலிய ஆய்வாளர்கள் அங்கே ஒரு சிறு மலைமடிப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் நூற்றுக்கணக்கான கருவிகளைப் பதித்து ஆண்டுக்கணக்கில் நீரின் போக்கை அளந்தார்கள். 43 பாகைச் சாய்வு கொண்ட சரிவு அது. 1987இல் அதன் மரங்கள் வெட்டப்பட்டன. பின்னர்க் கன்றுகள் நடப்பட்டன. செயற்கை மழை பொழிவித்தும் சோதித்தார்கள், சரிவு நின்றது. ஆண்டுதோறும் குளிர்கால மழை பெய்தது, அப்போதும் நின்றது. 1996 நவம்பர் 18 அன்று பெருமழை பெய்தது. உள்ளே இறங்கிய நீர், பாறையின் வெடிப்புகள் வழியே ஓடி, ஓரிடத்தில் மீண்டும் மண்ணுக்குள் மேலெழும்பி, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கும் அளவுக்கு அழுத்தம் பெற்றது. சரிவு விழுந்தது. கருவிகள் அந்தக் கணத்தைப் பதிவு செய்தன. மரங்கள் வெட்டப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே மாதப் புயலில் ஆரிகன் மாநிலத்தில் இத்தகைய மண்சரிவுகளில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

நண்பர் இதைச் சொல்லி முடித்தபோது நான் அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். எனக்கு அந்த மலை நினைவில் இல்லை. ஊரில் ஓர் அண்ணாச்சி நினைவில் இருந்தார்.

அவர் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். கடைவீதியில் சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். மனைவி திடீரென்று காலமானார். அடக்க ஆராதனைக்கு ஆலயம் கொள்ளவில்லை. முதல் மாதம் முழுவதும் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. முறை வைத்துக்கொண்டு சபையார் உணவு கொண்டு சென்றார்கள். நான் வாரம் இருமுறை சென்று ஜெபித்தேன். நாற்பதாம் நாள் கூடினோம். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் அவரே எல்லாருக்கும் பந்தி விசாரித்தார். "அண்ணாச்சி தேறிவிட்டார்" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். என் நாட்குறிப்பில் சந்திக்க வேண்டியவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தேன். அந்தக் கோடு போட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது; ஒரு வேலை முடிந்த நிம்மதியோடு போட்டேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தார். பாடற்குழுவில் மறுபடியும் சேர்ந்தார். கடையில் எப்போதும்போல் சிரித்தார். அவர் கண்ணீர் மேலே ஓட நான் பார்த்ததில்லை. ஆகவே கண்ணீர் இல்லை என்று எண்ணினேன்.

நான்காம் ஆண்டு மழைக்காலத்தில், மூன்று ஞாயிறுகள் அவரைக் காணோம். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நான்காம் வாரம், கடை பூட்டியே கிடக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னார். சென்று பார்த்தபோது, பட்டப்பகலில் சன்னல்கள் எல்லாம் அடைத்த வீட்டுக்குள், தரையில் படுத்திருந்தார். எத்தனை நாளாக உண்ணவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தார். உயிருக்கு ஆபத்து என்றுதான் முதலில் சொன்னார்கள்.

பேசத் தெம்பு வந்ததும் அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "ஐயா, மூணு வருசமா ஒருத்தர்கூட அவ பேரைச் சொல்லலை."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவர் துக்கப்படக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெயரைத் தவிர்த்தோம் என்றா? உண்மையில், அவர் துக்கத்தை நாங்கள் பார்க்க நேரக் கூடாது என்பதற்காகத் தவிர்த்தோம். அந்த மருத்துவமனைத் திண்ணையிலிருந்து விலகியிருக்கத்தான் நான் கடல் கடந்து சென்றேன். சென்ற இடத்தில் ஒரு மண்சுவர் அதையே எனக்கு விளக்கிச் சொன்னது.

முதலாம் ஆண்டில் அவரைத் தாங்கியவை பழைய வேர்கள். நாற்பது ஆண்டு இல்லறம் விட்டுச்சென்ற பழக்கங்கள் அவை: மனைவி எழுப்பும் நேரத்தில் தானே எழுவது, மனைவி வைத்த இடத்திலேயே சாவியை வைப்பது, மனைவியின் தோழியர் வந்துபோவது. அவை ஒவ்வொன்றாக இற்றுப்போயின. வெள்ளையடித்த வீடும் பாடற்குழுவும் வெளியில் தெரிந்த பச்சை. பக்கத்திலிருந்து ஓடிவந்து அவரோடு பின்னியிருக்க வேண்டிய புதிய வேர்கள் நாங்கள்; நாங்களோ முதலாம் ஆண்டோடு நின்றுவிட்டோம்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சரிவுகள் எல்லாம் மனிதன் மரம் வெட்டியதால் விழுபவை அல்ல. யாரும் தொடாத முதுகாட்டிலும் மடிப்புகள் தம் காலத்தில் விழுகின்றன. அவ்வாறு விழும்போது ஓடைக்குக் கல்லும் கட்டையும் வந்து சேர்கின்றன. சால்மன் மீன்கள் முட்டையிடும் சரளைப் படுகைகளுக்கு அவையும் காரணம். மனிதத் துயரமும் அப்படித்தான். எவ்வளவு அன்பு சூழ்ந்திருந்தாலும் சிலர் உடைவார்கள். அது அவர்களுடைய விசுவாசக் குறைவும் அன்று, எப்போதும் அண்டை அயலாரின் குற்றமும் அன்று. ஆயினும் 94க்கும் 10க்கும் வேறுபாடு உண்டல்லவா? மழையை நிறுத்த நம்மால் இயலாது. வேராக இருக்க இயலும்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, சபையின் அடக்கப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தது. அந்த ஆண்டு மரித்தவர்களை விட்டுவிட்டேன். அவர்களுடைய வீடுகளுக்கு எப்படியும் எல்லாரும் போவார்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மரித்தவர்களின் பெயர்களை ஒரு புதிய நோட்டில் எழுதினேன். வாரம் இரண்டு வீடு என்று இன்றுவரை சென்றுவருகிறேன். பெரிய ஆறுதல் மொழி எதுவும் கொண்டுபோவதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, "அவர்களை இன்றைக்கு நினைத்துக்கொண்டேன்" என்கிறேன். சில வீடுகளில் உடனே தேநீர் வருகிறது. சில வீடுகளில் நெடுநேரம் ஒன்றும் பேசுவதில்லை; பிறகு ஒரு பழைய புகைப்படம் வெளியே வருகிறது. ஒரு தாய், "எட்டு வருசம் கழிச்சு ஏன் ஐயா இப்ப வந்தீங்க?" என்று கோபமாகவே கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி இப்போது நலமாக இருக்கிறார். கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டார். மாதத்தில் ஒரு நாள் என்னோடு அந்த வீடுகளுக்கு வருகிறார். நான் தயங்கும் வீடுகளில் அவர்தான் முதலில் பேசுகிறார்.

அன்பான வாசகரே, இதை வாசிக்கும் உங்களில் சிலர் அந்தச் சரிவாகவே இருக்கலாம். "இத்தனை ஆண்டு கழித்தும் ஏன் இப்படி?" என்று உங்களை நீங்களே கடிந்துகொண்டிருக்கலாம். உங்கள் காலக்கணக்கில் பிழை இல்லை. வேர் இற்றுப்போகும் ஆண்டு இதுவாக இருக்கலாம். தயவுசெய்து ஒருவரிடமாவது சொல்லுங்கள். உள்ளேயே எல்லாம் நடக்கவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் முடிவதற்குள், மூன்று ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ ஒருவரை இழந்த யாராவது ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் நன்றாகத்தான் தெரிவார். கடையில் சிரிப்பார், ஆலயத்தில் பாடுவார். ஆயினும் சென்று, மறைந்தவரின் பெயரை வாய்திறந்து சொல்லுங்கள். அதன்பின் சற்று நேரம் எழாமல் இருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம். நம்மை மண்ணினால் உருவாக்கியவர், அந்த மண்ணைத் தாங்கும் பொறுமையையும் நமக்குத் தருவாராக.